தோன்றி மறையும் குற்றம்

தமிழாசிரியன் ஒருவன் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர் சிலர் வியக்கக்கூடும். எம் கல்லூரியிலே பயின்று பொறியியலாளராயும் மருத்துவராயும் கணக்காளராயும் விளங்குவோர் பலர். அவர்கள் அனைவர்க்கும் பொதுவான தொழில் ஒன்று உண்டு. குற்றத்தின் காரணத்தைத் தேடுதலே அது. கட்டுரை திருத்தும் ஆசிரியனுக்கும் நாள்தோறும் வாய்த்தது அத்தொழிலே.

குற்றங்கள் இருவகைப்படும். ஒன்று எப்பொழுதும் நிற்பது. மற்றையது தோன்றி மறைவது. முன்னையதைக் கண்டு பிடித்தல் எளிது. தேடும்போதெல்லாம் அது கண்முன் நிற்கும். பின்னையதே அறிவுடையோரையும் மயக்குவது. மாணவன் ஒருவன் வல்லொற்றைச் சில இடங்களிற் பிழையின்றி இடுகின்றான். சில இடங்களில் விட்டுவிடுகின்றான். ‘கவனக் குறைவு’ என்று சிவப்பு மையால் எழுதிவிட்டு அப்பாற் செல்லலாம். ஆனால் அவன் பிழைகளை நிரலாக எழுதி நோக்கினால் வேறொன்று புலப்படும். ‘வீட்டைக் கண்டான்’ எனச் சரியாக எழுதுகின்றவன், ‘வீட்டுக்கு போனான்’ என ஒற்றின்றி எழுதுகின்றான். இரண்டாம் வேற்றுமை உருபின் பின் வல்லினம் மிகும் என்பதை அவன் கற்றிருக்கின்றான். நான்காம் வேற்றுமை உருபுக்கும் அவ்விதி உண்டு என்பதைக் கற்றிலன். அவன் பிழை மனம்போனவாறு தோன்றியதன்று. தனக்குரிய சூழலிலே மட்டுந் தோன்றியது. சூழலைக் கண்டதும் காரணமுங் காணப்பட்டது.

இயந்திரத்தின் குற்றமும் இத்தகையதே என்பதை ஒரு வண்டியின் வாயிலாக விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வண்டியும் அதன் வெப்பமும்

இங்கிலாந்திலே கொவென்றி நகரில் ஆக்கப்பட்ட ஜகுவார் ஈ-ரைப் என்னும் விரைவு வண்டி 1961 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜெனீவா நகரில் முதன்முதலாக உலகுக்குக் காட்டப்பட்டது. 3,781 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய ஆறு சிலிண்டர் எஞ்சின் அதற்கு அமைந்தது. அதன் வலு 265 குதிரைவலு என்றும், உச்ச வேகம் மணிக்கு 150 மைல் என்றும் ஆக்கியோர் விளம்பரஞ் செய்தனர். 1964 இல் எஞ்சினின் கொள்ளளவு 4.2 லீற்றராக உயர்த்தப்பட்டது. இவ்வண்டிகளைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உளர்.

வண்டியின் மூக்கு காற்றைக் கிழித்துச் செல்லும்பொருட்டு ஒடுக்கமாக அமைக்கப்பட்டது. காற்று உட்புகும் வாயும் சிறியது. பெரிய எஞ்சின், சிறிய வாய்: வண்டியின் அழகும் விரைவும் இதில் அடங்கின, அதன் இடரும் இதிலேயே அடங்கியது. 1968 இல் வந்த இரண்டாம் வரிசை வண்டிகளில் அவ்வாய் பெரிதாக்கப்பட்டதும், ஒரு மின்விசிறிக்கு ஈடாக இரண்டு வைக்கப்பட்டதும் இதனை வலியுறுத்தும்.

எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகின்றது. எஞ்சியதிற் பெரும் பகுதி புகைக்குழாய் வழியே போக, மற்றொரு பெரும் பகுதியை நீர் ஏந்திச் செல்லல் வேண்டும். நீர்ப்பம்பி நீரை எஞ்சினுள்ளே தள்ளுகின்றது. நீர் சிலிண்டர்களைச் சூழ்ந்து, தலைப்பகுதியூடாக மேலேறி, வெப்பநிலை நிறுத்தி எனப்படும் தேமோஸ்ரற்றைக் கடந்து, றேடியேற்றரை அடைகின்றது. அங்கே மெல்லிய குழாய்களூடே இறங்கும்போது தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் பம்பிக்கு வருகின்றது. வண்டி விரைந்து செல்கையில் எதிர்க்காற்றே போதும். மெல்லச் செல்கையிலும் நிற்கையிலும் மின்விசிறி காற்றை இழுத்துத் தரல் வேண்டும். நீர் உரிய வெப்பநிலையை எட்டியதும் வெப்ப ஆளி ஒன்று விசிறியை இயக்குகின்றது.

இவ்வெஞ்சினின் உடல் வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். வெப்பத்தால் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இருமடங்கு விரியும். அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் தலை வளையும். தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள காஸ்கெற் கெடும். ஆதலின் ‘எப்போதாவதுதானே சூடேறுகின்றது’ என்று வாளாவிருத்தல் பெருஞ் செலவுக்கு வழியாகும். காரணமறியாது தலையைக் கழற்றுதலும் அத்தகையதே.

2. சூழலே சான்று

மருத்துவன் செயற்பட வேண்டிய முறையைத் திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வகுத்திருக்கின்றார். பிணி எது, அதன் தோற்றுவாய் எது, தணிக்கும் வழி எது என்பவற்றை வரிசையாகத் தேர்ந்த பின்னரே கைவைத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. எஞ்சினுக்கும் இவ்வரிசை பொருந்தும்.

முதலாவதாக, பிணி உண்மையிற் பிணிதானா என்று அறிதல் வேண்டும். அக்காலத்து வண்டிகளில் வெப்பங்காட்டிக்கும் எரிபொருட்காட்டிக்கும் சீரான மின்னழுத்தத்தை வழங்கும் சிறு கருவி ஒன்று உண்டு. அதன் நிலத்தொடுப்புத் தளர்ந்தால் இரண்டு முட்களும் ஒருங்கே உயர்ந்து காட்டும். வெப்பமுள் ஏறும்போது எரிபொருள் முள்ளும் ஏறுமாயின், ஐயத்துக்குரியது எஞ்சினன்று, காட்டியே.

வெப்பம் மெய்யாயின், அது எந்நிலையில் ஏறுகின்றது என்று நோக்குக.

நெரிசலில் மெல்ல ஊரும்போது ஏறி, வேகம் எடுத்ததும் இறங்குமாயின், காற்றோட்டம் குறைந்தது என்க. விசிறி, அதன் மோட்டார், ஆளி, உருகி, கம்பி இணைப்புக்கள் ஆகியன ஐயத்துக்குரியன.

வேகமாகச் செல்லும்போதும் நெடுமேட்டில் ஏறும்போதும் படிப்படியாக ஏறுமாயின், நீரோட்டம் குறைந்தது என்க. அடைப்பட்ட றேடியேற்றர், முழுதுந் திறவாத வெப்பநிலை நிறுத்தி, வழுக்கும் பட்டி, தேய்ந்த பம்பி ஆகியன கருதப்படும். கீழ்க்குழாயும் இவ்வகையிலே சேரும். அது பம்பி நீரை உறிஞ்சும் பக்கத்திலுள்ளது. பழைய இறப்பர்க் குழாய் தன் உரத்தை இழந்திருந்தால், எஞ்சின் விரைந்து சுழலும்போது அவ்வுறிஞ்சலால் ஒட்டி நீரை மறிக்கும். வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்து பார்க்கும்போது குழாய் பழைய வடிவத்தில் ஒன்றும் அறியாதது போல இருக்கும். தோன்றி மறையும் குற்றத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் காண்டல் அரிது.

வெப்பமுள் தாறுமாறாக ஏறியிறங்கி, நீரும் நாள்தோறும் குறையுமாயின், நீரினுள்ளே காற்றோ எரிவாயுவோ புகுந்தது என ஐயுறுக. எரியறையிலிருந்து வாயு நீருட் கசிகின்றதா என்பதை ஒரு நீலத் திரவத்தாற் சோதிக்கலாம். நீர்த்தொட்டியின் மேலுள்ள காற்றை அத்திரவத்தூடே இழுக்கும்போது, எரிவாயுவிலுள்ள காபனீரொட்சைட்டு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எஞ்சின் சூடாயிருக்கும்போது நீர்த்தொட்டியின் மூடியைத் திறத்தல் கூடாது. மூடியின் அமுக்கத்தால் நீர் 100 பாகை செல்சியசைக் கடந்தும் கொதியாதிருக்கும். மூடியைத் திறந்தவுடன் அமுக்கம் நீங்க, நீர் ஒருங்கே கொதித்து முகத்தில் அடிக்கும். மின்விசிறியும் எச்சமயத்திலும் தானாகச் சுழலத் தொடங்கலாம். ஆதலால் அதனருகே கைவைத்தலும் ஆகாது.

3. ஓர் உதாரணம்

பாடத்தின்பொருட்டு ஓர் உரிமையாளரை நாமே அமைத்துக்கொள்வோம். அவர் இங்கிலாந்தில் இத்தகைய வண்டி ஒன்றை வைத்திருக்கின்றார். கோடையின் தொடக்கத்தில் ஒருநாள் நகர நெரிசலிலே வெப்பமுள் திடீரென ஏறியது. வீடு சேர்ந்ததும் அவர் செய்த முதற் காரியம் வெப்பநிலை நிறுத்தியை மாற்றியது. அது மலிவான பொருள், மாற்றுதலும் எளிது. பின்னர் மூன்று வாரம் முள் அசையவில்லை. குற்றம் நீங்கியது என்று அவர் மகிழ்ந்தார். அம்மூன்று வாரமும் அவர் நெரிசலுட் புகவில்லை என்பதை அவர் எண்ணிப் பார்த்திலர்.

நான்காம் வாரத்திலே முள் மீண்டும் ஏறியது. இம்முறை நெரிசலில் மட்டுமன்றி நெடுமேட்டிலும் ஏறியது. திருத்துநர் ஒருவர் காஸ்கெற் போயிற்று என்று சொல்லித் தலையைக் கழற்ற நாள் குறித்தார். நீலத் திரவச் சோதனை செய்யப்பட்டது, நிறம் மாறவில்லை. ஆனால் அச்சோதனை எஞ்சின் அமைதியாக இருந்த வேளையிலே செய்யப்பட்டது. குற்றம் தோன்றாத வேளையிற் செய்த சோதனை, குற்றம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. இருவர் கூற்றுக்கும் போதிய சான்று இல்லை என்பதே அந்நாளில் உண்மை நிலை.

உரிமையாளர் தலையைக் கழற்றும் நாளைத் தள்ளிவைத்து ஒரு குறிப்பேடு வாங்கினார். ஒவ்வொரு பயணத்திலும் வெளிவெப்பம், புறப்பட்டு எத்தனை நிமிடம், விரைவு, சாலையின் தன்மை, வெப்பமுள்ளின் நிலை, எரிபொருள் முள்ளின் நிலை ஆகியவற்றை உடனிருந்தவரைக் கொண்டு எழுதுவித்தார். முள் ஏறாத பயணங்களையும் விடாது எழுதினார். இதுவே முக்கியமானது. குற்றம் தோன்றிய நாட்களை மாத்திரம் எழுதுவோர், அந்நாட்கள் மற்றைய நாட்களினின்றும் எவ்வாறு வேறுபட்டன என்பதை அறியமாட்டார்.

இருபது பயணங்களின் குறிப்புப் பின்வருமாறு அமைந்தது. வீட்டிலிருந்து நேரே நெரிசலுட் புகுந்த பயணங்கள் ஐந்து. ஒன்றிலேனும் முள் ஏறவில்லை. நெடுஞ்சாலையில் விரைந்து சென்று பின் நெரிசலுட் புகுந்த பயணங்கள் பன்னிரண்டு. அவற்றுள் நான்கில் முள் சடுதியாக ஏறியது. நெடுமேடு ஏறிய பயணங்கள் மூன்று. மூன்றிலும் முள் மெல்ல மெல்ல ஏறியது. எரிபொருள் முள் எந்நாளும் தன் நிலை திரியவில்லை.

இக்குறிப்பை ஒருமுறை வாசித்த அளவில் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, வெப்பம் மெய், காட்டியின் மயக்கமன்று. இரண்டாவது, குற்றம் ஒன்றன்று; இரண்டு. சடுதியாக ஏறுவதும் மெல்ல ஏறுவதும் வெவ்வேறு சூழலில், வெவ்வேறு நடையில் நிகழ்கின்றன. இரண்டையும் ஒன்றெனக் கொண்டமையாலேயே எல்லாவற்றையும் விளக்கவல்ல பெருநோய் ஒன்றைத் திருத்துநர் தேடினார்.

4. இரு காரணங்கள்

நெடுமேட்டு வெப்பம் புதிய வெப்பநிலை நிறுத்தி வந்த பின்னரே தோன்றியது. ஆதலின் முதலில் அதனையே நோக்கல் வேண்டும். இவ்வெஞ்சினில் நீர் றேடியேற்றரை அடையாது நேரே பம்பிக்குத் திரும்பும் சுற்றுவழி ஒன்று உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் நீர் அவ்வழியே சுற்றும். சூடேறி வெப்பநிலை நிறுத்தி திறக்கும்போது, அதனோடு இணைந்த வளையம் ஒன்று நகர்ந்து சுற்றுவழியை அடைத்தல் வேண்டும். உரிமையாளர் வாங்கியது அளவிற் பொருந்தியது. ஆயின் அவ்வளையம் அதிலில்லை. பழையதையும் புதியதையும் அருகருகே மேசையில் வைத்தபோது வேறுபாடு குழந்தைக்கும் விளங்கியது. சுற்றுவழி எப்பொழுதும் திறந்திருந்தமையால், சூடான நீரின் ஒரு பகுதி குளிர்ச்சி பெறாமலே எஞ்சினுக்குத் திரும்பியது. சமநிலத்தில் அக்குறை தெரியவில்லை, மேட்டிலே தெரிந்தது. பழையதை வெந்நீர்ப் பாத்திரத்தில் இட்டுச் சோதித்தபோது அது உரிய வெப்பத்திற் செவ்வனே திறந்தது. குற்றமற்ற உறுப்பை நீக்கி, அவ்விடத்திற் குற்றத்தை அவர் தம் கையாலேயே வைத்திருந்தார்.

பழையதை மீட்டும் பொருத்தியபின் மேட்டு வெப்பம் நீங்கியது. நெரிசல் வெப்பம் நீங்கவில்லை. அது விசிறியைச் சேர்ந்தது என்பது குறிப்பேட்டினால் ஊகிக்கப்பட்டது. ஆனால் விசிறியின் எவ்வுறுப்பு? வீட்டில் நிறுத்திச் சோதித்தால் விசிறி நன்றாகவே சுழன்றது. குற்றம் தோன்றும் அந்தக் கணத்தில் அறியவல்ல சான்று வேண்டும்.

அதற்குச் செய்த உபாயம் மிக எளியது. விசிறி மோட்டாருக்குச் செல்லும் கம்பிகளோடு சிறிய மின்விளக்கு ஒன்றைப் பக்கமாக இணைத்து, ஓட்டுநர் கண்முன் வைத்தார்கள். மோட்டாருக்கு மின் வந்தால் விளக்கு எரியும். முள் ஏறும்போது விளக்கு அணைந்திருந்தால் ஆளியோ உருகியோ கம்பியோ குற்றமுடையது. விளக்கு எரிந்தும் விசிறி சுழலாதிருந்தால் மோட்டாரே குற்றமுடையது. ஒரு விளக்கு, இரண்டு விடை. மூன்றாம் விடைக்கு இடமில்லை.

நெடுஞ்சாலையிலிருந்து நகருட் புகுந்த மூன்றாம் பயணத்திலே முள் ஏறியது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி நோக்கினால் விசிறி அசையவில்லை. நீண்ட மரக்கோலால் மோட்டாரின் உடலை மெல்லத் தட்டியதும் சுழலத் தொடங்கியது. மோட்டாரைக் கழற்றியபோது, மின்னைச் சுழலும் பகுதிக்குச் செலுத்தும் காபன் தூரிகைகள் தேய்ந்து குறுகி, தம் கூட்டிற் சிக்குண்டிருந்தமை காணப்பட்டது.

நேரே நெரிசலுட் புகுந்த நாட்களில் ஏன் சிக்கவில்லை? அந்நாட்களில் மோட்டார் அதிகஞ் சூடேறுமுன்னரே சுழலத் தொடங்கி, இடையிடையே சுழன்றுகொண்டிருந்தது. விரைந்து சென்ற நாட்களில் றேடியேற்றரின் வெங்காற்று நெடுநேரம் அதன்மேல் வீச, அசையாது கிடந்து சூடேறியது. பின்னர் அழைத்தபோது தூரிகை நகரவில்லை. சில வேளை நகர்ந்தது, சில வேளை நகரவில்லை. குறிப்பேட்டிற் பன்னிரண்டில் நான்கு என்றிருந்ததன் பொருள் இதுவே.

5. நீங்கியது என்று எப்போது சொல்லலாம்?

தூரிகைகள் மாற்றப்பட்டன. முன்போல மூன்று நாள் அமைதியாக ஓடியதைக் கண்டு மகிழலாமா? கணிதம் அறிந்த பழைய மாணவர் இதனை எளிதிற் கணிப்பர். உரிய சூழலிலே மூன்று பயணத்துக்கு ஒருமுறை தோன்றுவது இக்குற்றம். ஆதலின் ஒன்றுமே திருத்தாதிருந்தாலும், ஒரு பயணத்தில் அது தோன்றாதிருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. மூன்று பயணத்திலும் தோன்றாதிருக்கும் வாய்ப்பு இருபத்தேழில் எட்டு. அதாவது 100 இல் ஏறக்குறைய 30. இது சிறிய வாய்ப்பன்று. எட்டுப் பயணமாயின் அவ்வாய்ப்பு 100 இல் 4 ஆகவும், பத்தாயின் 2 இற்கும் குறைவாகவும் சுருங்கும். அப்பயணங்களும் குற்றம் தோன்றிய அதே சூழலில், நெடுஞ்சாலையிலிருந்து நெரிசலுக்குச் செல்வனவாக இருத்தல் வேண்டும். குளிர்ந்த காலையிற் கடைக்குச் சென்று வந்த பயணங்கள் நூறாயினும் கணக்கிற் சேரா.

இன்றைய வண்டிகளில் கணினி ஒன்று எஞ்சினைக் காவல் செய்து, குற்றங் காணும்போது அதன் குறியீட்டைப் பதிந்து வைக்கின்றது. இது பெருந்துணையே. எனினும் தான் அளக்காத ஒன்றைக் கணினியும் அறியாது. ஒட்டிய குழாயையோ, வளையமில்லாத வெப்பநிலை நிறுத்தியையோ பெயர் சொல்லி அது காட்டுவதில்லை. வெப்பம் மிகுந்தது என்ற செய்தியை மட்டும் தரும். அதன் சூழலை ஆராய்தல் மனிதர் கடனாகவே இருக்கின்றது.

6. தொகுத்துரை

இப்பாடத்திற் கற்கத்தக்கன ஐந்து. குற்றம் தோன்றிய நாளையும் தோன்றாத நாளையும் ஒருங்கே எழுதுக. ஒரு வேளையில் ஓர் உறுப்பையே மாற்றுக. நீக்கிய உறுப்பை எறியாது வைத்திருக்க. குற்றம் நிகழும் கணத்திலே சான்று தரும் சோதனையைத் தேடுக. நீங்கியது என்று சொல்லுமுன், அது தோன்றிய சூழலுக்கே மீண்டுஞ் சென்று பார்க்க.

இவற்றிற்கெல்லாம் முன்னிற்பது ஒன்றுண்டு. ‘காரணம் இன்னும் தெரியவில்லை’ என்று சொல்லும் துணிவே அது. தலையைக் கழற்ற நாள் குறித்த திருத்துநர் கெட்டவரல்லர், அறிவு குறைந்தவருமல்லர். விடை கேட்டு நிற்பவர் முன்னே வெறுங்கையோடு நிற்க அவர் கூசினார். வகுப்பறையில் ஆசிரியரும், மருத்துவமனையில் மருத்துவரும், அலுவலகத்தில் அதிகாரியும் இக்கூச்சத்துக்கு ஆளாகின்றனர். அவ்வேளையிற் கூறும் அவசர விடையாற் குற்றமற்ற உறுப்பு நீக்கப்படுகின்றது. சிலபோது குற்றமற்ற மனிதரும் நீக்கப்படுகின்றனர்.

‘கவனக் குறைவு’ என்று நான் சிவப்பு மையால் எழுதிய கொப்பிகள் பல. அவற்றை எழுதிய மாணவருட் சிலர் இன்று இம்மலரை வாசிக்கக்கூடும். அவர்தம் பிழைகளின் சூழலை அன்று நான் நிரலாக எழுதிப் பார்த்திருந்தால், அவருட் சிலர் கவனத்திற் குறைந்தவரல்லர், நான் கற்பியாது விட்ட விதி ஒன்றை அறியாதவரே என்பது விளங்கியிருக்கும். விழாக் காணும் எம் கல்லூரியிலே இனிப் பயிலப் புகும் இளைஞர்க்கேனும் அந்நீதி கிடைப்பதாகுக.